மூன்று குஞ்சுகளும் நான்கு பூனைகளும்

தலையில்லாத ஓணான் ஒன்று எங்கள் வாசற்படியில் கிடந்த காலையில் அந்த நோட்டைத் தொடங்கினேன். உண்மையில் அது மூன்றாவது ஓணான். முதல் இரண்டையும் முறத்தில் அள்ளி வெளியே போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். தேதி தெரியாத காரணத்தால் அவை கணக்கில் சேரவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் இருக்கிறது.

ஓய்வு பெற்றுப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் முப்பத்து மூன்று ஆண்டுகள் இந்த மாவட்டத்தின் ஒன்றிய அலுவலகங்களில் புள்ளியியல் ஆய்வாளராக இருந்தேன். எத்தனை கிணறு, எத்தனை மோட்டார், எத்தனை வெள்ளாடு, ஏக்கருக்கு எத்தனை மூட்டை கடலை என்று எண்ணி மேலே அனுப்புவது வேலை. மேலே இருந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் கையாண்ட கால்நடைப் படிவங்களில் மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. நாய்க்குக்கூட உண்டு. பூனைக்கு இல்லை. கட்டம் இல்லாத பிராணி என்ன செய்தாலும் அது எந்த அலுவலகத்திலும் நடந்ததாக ஆகாது. அப்படி ஒரு பிராணிக்கு என் மனைவி தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு கிண்ணம் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நோட்டில் நான்கு பத்திகள் போட்டேன். தேதி, இடம், இரை, ஆதாரம். ஆதாரத்துக்கு மூன்று வகை வைத்தேன்: நேரில் கண்டது, எச்சம் கண்டது, சொல்லக் கேட்டது. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஓணானுக்கு எதுக்குங்க நோட்டு?"

"நம்ம காம்பவுண்டுக்குள்ள அஞ்சு ஓணான் இருந்துச்சு. இப்ப ரெண்டு."

"அதுக்கு?"

"யாரு தின்னதுன்னு தெரிய வேணாமா?"

"அதான் வாசல்ல கொண்டாந்து போட்டுச் சொல்லுதுல்ல. ஒளிச்சா வச்சுச்சு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இலுப்பூர் கடைத்தெருவிலிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. பதினேழு வீடுகள். ஆள் இருப்பவை பன்னிரண்டு. மற்ற ஐந்தும் வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டிப் பூட்டிவைத்தவை. காலி மனை ஒன்பது, அவற்றில் ஆறில் கருவேலம். இவ்வளவு முள்ளும் நிழலும் இருப்பதால்தான் எங்களுக்கு அணில், அரணை, தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, கொண்டைக்குருவி எல்லாம் வாய்த்திருக்கின்றன. பூனையும் வாய்த்திருக்கிறது.

பூனைகள் எத்தனை என்று முதலில் கணக்கெடுத்தேன். அது முறைப்படி நடந்த கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டில் பூனை உண்டா, எத்தனை, என்ன நிறம், ஆணா பெண்ணா" என்று கேட்டு எழுதினேன். நான்கு வீடுகளில் உண்டு என்றார்கள். எங்கள் வீடு ஒன்று. எதிர்வீடு இரண்டாவது; அந்த வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், அவர் மனைவி மட்டும் மாமியாருடன் இருக்கிறாள். மூன்றாவது எங்களுக்கு வலப்பக்கம், உரக்கடைக்காரர் வீடு. நான்காவது தெரு முனையில், ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் வீடு. வீட்டுக்கு ஒரு பூனை. நான்கும் செவலை நிறம், நான்கும் கடுவன், நான்குக்கும் வாலில் வளையம். நான்குக்கும் நான்கு பெயர். ஒரே ஈத்தில் பிறந்தவை என்று ஓரத்தில் குறிப்பு எழுதினேன். இரண்டு பூனைகளைச் சேர்ந்தாற்போல் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. ஒரு கடுவனின் எல்லைக்குள் இன்னொரு கடுவன் வராது என்று எங்கோ படித்திருந்தேன். படித்தது எனக்கு எப்போதும் சமயத்தில் கை கொடுக்கும்.

எதற்காகப் பூனை வளர்க்கிறீர்கள் என்றும் கேட்டேன். உரக்கடைக்காரர் யோசிக்கவே இல்லை.

"எலிக்குத்தான் சார். வீட்டுப் பின்னாடி மூட்டை அடுக்கியிருக்கோம்ல. இவன் இல்லைன்னா சாக்கெல்லாம் சல்லடையாப் போயிரும்."

சாக்குகளைப் பார்த்தேன். சல்லடையாகத்தான் இருந்தன. எண்ணத் தொடங்கி இருபத்து மூன்றாவது ஓட்டையில் அவர் என்னைக் காபி குடிக்க அழைத்துவிட்டார்.

எதிர்வீட்டுப் பெண், குவைத்திலிருந்து வீடியோவில் வரும் கணவர் முதலில் பூனையைக் காட்டச் சொல்வதாகவும், பிறகுதான் தன்னைப் பார்ப்பதாகவும் சொன்னாள். நடத்துநருக்கு இரண்டு மகன்களும் சென்னையில். "பேச்சுத் துணைக்கு சார்" என்றார். "பதில் சொல்லாது. அதான் நல்லது."

பதினோரு மாதத்தில் நோட்டில் நாற்பத்தேழு பதிவுகள் சேர்ந்தன. ஓணான் பதினான்கு, பல்லி பதினொன்று, பலவகைக் குருவிகள் ஒன்பது, அணில் ஆறு, அரணை ஐந்து, எலி இரண்டு. இரண்டு எலிகளில் ஒன்று முன்பே செத்திருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். வாசலுக்கு வந்தது மட்டும்தான் இது. காலி மனைக்குள் தின்று முடித்தது எவ்வளவோ. பூனை ஒன்றுக்குச் சராசரி பதினொன்றே முக்கால் என்று கணக்கிட்டு, தெருவாசிகளின் வாட்ஸப் குழுவில் போட்டேன். பன்னிரண்டு வீட்டிலிருந்தும் கைகூப்பிய படம் வந்தது. எதிர்வீட்டுப் பெண் ஒரு செவலைப் பூனை தூங்கும் படத்தைப் போட்டு, "இந்தப் பச்சப்புள்ளையவா சொல்றீங்க பெரியப்பா" என்று எழுதினாள். அதற்கு முந்தைய மாதம்தான் அதே குழுவில் உரக்கடைக்காரர், "கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்போம்" என்று ரோஜாப்பூ போட்ட படம் ஒன்றை அனுப்பினார். நான்கு வீட்டிலும் மண்சட்டியில் தண்ணீர் வைத்தார்கள். தரையில் வைத்தார்கள். குருவிகள் குனிந்து குடிக்க, பின்னால் தொட்டிச்செடி மறைவில் பூனை காத்திருக்க, எல்லாவற்றுக்கும் வசதியாக இருந்தது. அந்த மாதம் மட்டும் குருவி நான்கு.

ஒருநாள் நான் மனைவியிடம், நம் பூனையைச் சாக்கில் கட்டிக் கொடும்பாளூர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றேன்.

"அங்கிட்டு இருக்கிறதெல்லாம் குருவி இல்லையா? ஒங்க நோட்டுக்கு வெளிய செத்தாப் பரவாயில்லையாக்கும்."

அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

பங்குனி கடைசியில் ஒரு கொண்டைக்குருவி ஜோடி எங்கள் வாசல் கொட்டகைத் தூணில் படர்ந்திருக்கும் சங்குப்பூக் கொடிக்குள் கூடு கட்டியது. தரையிலிருந்து நாலடி ஏழு அங்குலம். நான் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து இரண்டு எட்டு. முட்டை மூன்று. பதின்மூன்றாம் நாள் மூன்றும் பொரித்தன. பெற்றோர் இரண்டும் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறரை வரை புழுவும் பழமும் கொண்டுவந்தன. ஒரு மணி நேரத்துக்குப் பதினெட்டு நடை என்பது நான் மூன்று நாள் எண்ணிய சராசரி. வண்டியை எடுக்காமல் கடைத்தெருவுக்கு நடந்தே போனேன். இந்த வயதில் எனக்குத் தூக்கம் வருவதே அரிது. அந்த நாட்களில் வந்த கொஞ்சத் தூக்கத்திலும் நினைப்பு கொடியிலேயே இருந்தது. முந்தைய ஆண்டு அதே கொடியில் ஒரு கூடு இருந்து ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை. இந்த மூன்றில் ஒன்றாவது பறக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு பிடிவாதமாகிவிட்டது.

கொண்டைக்குருவிக் குஞ்சுகளுக்கு ஒரு புத்திகெட்ட வழக்கம் உண்டு. பறக்கத் தெரிவதற்கு மூன்று நாள் முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். அந்த மூன்று நாளும் தொட்டி விளிம்பிலும் தரையிலும் தத்தித் தத்தித் திரியும். நோட்டில் இருந்த குருவிகளில் பாதி அந்த மூன்று நாளில் போனவைதான். ஆகவே அந்த மூன்று நாளும் நான்கு பூனைகளையும் வீட்டுக்குள் வைத்திருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை உரக்கடைக்காரர் வீட்டு முன்கூடத்தில் நான்கு வீட்டாரையும் கூட்டினேன். டீயும் மிக்சரும் அவர் செலவு. என் சராசரிகளைப் படித்துக் காட்டினேன். நான் எதிர்பார்த்த எதிர்ப்பே இல்லை.

"மூணு நாள்தானே சார், வச்சுக்கிருவோம்" என்றார் உரக்கடைக்காரர்.

"வயிறு நெறைஞ்சிருந்தா அவன் வேட்டைக்கே போமாட்டான் பெரியப்பா" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "நான் மத்தி மீனு வாங்கி வச்சிர்றேன்."

"எங்க ஆளு வெயில்ல வெளியவே வாரதில்லை" என்றார் நடத்துநர். "மத்தியானம் பூரா என் கட்டில்லதான்."

என் மனைவி மிக்சரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தினமும் நான் நேரில் வந்து பார்த்து உறுதி செய்வேன் என்றேன். அதற்கும் சம்மதித்தார்கள்.

புதன்கிழமை காலை மூன்று குஞ்சுகளும் கூட்டை விட்டு இறங்கின. ஒன்று குரோட்டன்ஸ் தொட்டியில், ஒன்று என் வண்டியின் கைப்பிடியில், ஒன்று தரையில். நான் ஆய்வைத் தொடங்கினேன். ஏழு மணிக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் செவலை பால் குடித்துக்கொண்டிருந்தது. எட்டரை மணிக்கு எதிர்வீட்டில் மத்தி தின்றுகொண்டிருந்தது. பத்தரைக்கு உரக்கடைக்காரர் வீட்டில் மூட்டை மேல் படுத்திருந்தது. ஒரு மணிக்கு நடத்துநர் கட்டிலில் மல்லாந்து கிடந்தது. நான்கையும் என் கண்ணால் பார்த்தேன். "நேரில் கண்டது. 4 / 4" என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். இவ்வளவு சுத்தமான கணக்கு என் உத்தியோகக் காலத்தில்கூட அமைந்ததில்லை.

மாலை ஐந்தே முக்காலுக்குப் பெரிய குருவி இரண்டும் கொடிக்கும் மதிலுக்கும் பறந்து பறந்து கத்தின. போய்ப் பார்த்தால் குஞ்சு இரண்டுதான் இருந்தது. துவைகல்லுக்குப் பின்னால் இறகுகள் கிடந்தன. பதினொன்று. நாற்பத்தெட்டாவது பதிவு.

மனைவி வந்து நின்றாள். இறகுகளைப் பார்த்தாள். "நம்ம பூனை இல்லைங்க" என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"நாலும் உள்ளதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"அப்ப வேற தெருப் பூனைதான்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐந்தாவது ஒரு பூனை. நோட்டில் அதற்கு ஒரு புதிய பக்கம் ஒதுக்கினேன். நிறம் தெரியவில்லை, வயது தெரியவில்லை, மிகவும் தந்திரமானது என்று எழுதினேன்.

வியாழக்கிழமை நடத்துநர் வீட்டில் ஆய்வுக்குப் போனபோது செவலை கட்டிலில் இருந்தது. எழுதிக்கொண்டேன். நேற்று நடந்ததையும் ஐந்தாவது பூனையையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நான்கு பூனையையும் எந்த வரிசையில் பார்க்கிறேன் என்று விசாரித்தார். ஏழு, எட்டரை, பத்தரை, ஒன்று என்றேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நான் முப்பது வருசம் பஸ்ஸுல தலை எண்ணுனவன். ஓட்டத்துல எண்ணவே கூடாது. முன்வாசல்ல எண்ணிட்டுப் பின்வாசலுக்கு வந்தா, எண்ணுனவனே அங்கயும் நிப்பான். வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான் எண்ணணும்."

அவர் பொதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பழைய ஆடுகள் நினைவுக்கு வந்தன.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பொன்னமராவதிப் பக்கம் ஆட்டுக் கணக்கெடுப்பு. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட ராமநாதபுரத்திலிருந்து மந்தைகள் வரும். இன்று ஒரு ஊர் வயலில் அடைத்தால் மூன்றாம் நாள் அடுத்த ஊரில் இருக்கும். ஒரே மந்தையை நான் மூன்று ஊரில் மூன்று முறை எண்ணி, அந்த வட்டாரத்தில் ஆடு பெருகிவிட்டதாக அறிக்கை அனுப்பினேன். மேலதிகாரி என்னை நிற்கவைத்துக் கேட்டார். நடமாடுகிறதை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் அதையே எனக்குக் கீழே வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பாதிப் பேர் அலுத்துப்போய் என்னைப் பார்த்தாலே ஒளிவார்கள்.

கட்டிலில் கிடந்த செவலையைப் பார்த்தேன். அதன் மீசையில் மத்தி மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

"இன்னைக்கு என்ன போட்டீங்க இதுக்கு?"

"தயிர்ச்சோறு சார். நாங்க வியாழக்கிழமை கவிச்சி சேக்கிறதில்லை."

வீட்டுக்கு வந்து வாட்ஸப்பில் போட்டேன். சரியாக நான்கு மணிக்கு நான்கு வீட்டாரும் அவரவர் பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு அவரவர் வாசலில் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். நான்கு கைகூப்பிய படங்கள் வந்தன. ஒன்று என் மனைவி அனுப்பியது.

நான்கு மணிக்குத் தெரு நடுவில் கடிகாரத்தோடு நின்றேன். வெயில் சரியாகத் தணியவில்லை. எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தாள், கையில் போன் மட்டும் இருந்தது. குவைத்திலிருந்து கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். உரக்கடைக்காரர் வெறுங்கையோடு வந்தார். நடத்துநர் தெரு முனையில் கையை விரித்துக் காட்டினார். என் மனைவி மட்டும் செவலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இப்பத்தான் இங்கிட்டு இருந்தான் பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே எதிர்வீட்டுப் பெண் நெருங்கினாள். நெருங்கியவள் நின்றாள். "பெரியம்மா, எங்க பூனைய எதுக்கு நீங்க தூக்கி வச்சிருக்கீங்க?"

"ஒங்க பூனையா?"

"இந்தா, காதுல இருக்கிற வெட்ட நாந்தான மஞ்ச வச்சு ஆத்துனேன்."

"அது நான் மருந்து போட்டது" என்றார் உரக்கடைக்காரர். "சார், இவன் எங்க குடோன்ல பொறந்தவன்."

"பொறந்தவன் ஏன் என் கட்டில்ல தூங்குறான்?" என்று நடத்துநர் முனையிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

நால்வரும் நான்கு பெயரால் அழைத்தார்கள். பூனை நான்குக்கும் திரும்பியது. போனிலிருந்து குவைத்துக்காரர், "காமிங்க, காமிங்க, யார் கிட்ட இருக்கு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பூனைக்கு நான்கு வீட்டில் நான்கு வேளைச் சாப்பாடு. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த யாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. சராசரி பதினொன்றே முக்கால் இல்லை. நாற்பத்தெட்டும் ஒன்றின் பேரில் நின்றது.

"எல்லாரும் மூணு நாள் அடைச்சு வைக்கிறேன்னுதானே சொன்னீங்க" என்றேன்.

உரக்கடைக்காரர்தான் சொன்னார். "நீங்க பாத்துட்டுப் போறவரைக்கும் அடைச்சுத்தான் சார் வச்சிருந்தோம்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் போன பிறகு கதவைத் திறந்துவிடுவது என்ன என்று எனக்குத் தெரியாதா? மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் முதல் நாள் ராத்திரி பதிவேடுகளை எழுதி முடித்தவன்தான் நானும்.

இன்னும் ஒன்றரை நாள் இருந்தது, குஞ்சுகள் இரண்டு இருந்தன. பூனையை யார் வைத்துக்கொள்வது என்பதில் சண்டை வந்தது. மூவரும் நான் வைத்துக்கொள்கிறேன் என்றார்கள். மூவரையும் மற்றவர்கள் நம்பவில்லை. "அவன் ரெண்டு தடவை கத்துனா நீங்க தொறந்துருவீங்க" என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். கடைசியில் எங்கள் வீட்டுப் பின்னறை என்று முடிவாயிற்று. பழைய நோட்டுகளும் நாளிதழ்க் கட்டுகளும் வைத்திருக்கும் அறை அது. ஜன்னலுக்குக் கம்பி உண்டு. ஆனால் கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் இல்லை, உள்தாழ்ப்பாள் மட்டும்தான். உள்ளிருந்து போட்டால்தான் கதவு நிற்கும்.

"அப்ப யாராச்சும் உள்ள இருக்கணும்" என்றார் நடத்துநர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார்தான் சரி" என்றார் உரக்கடைக்காரர். "சார் தொறக்கமாட்டாரு."

அப்படியாக, என் எழுபத்திரண்டாவது வயதில், நாற்பத்தெட்டு உயிர்களைக் கொன்றதாக நான் பதிவு செய்த ஒருவனோடு பத்துக்கு எட்டு அறையில் அடைபட்டேன். ஜன்னல் கொல்லைப்பக்கம் பார்த்தது. வாசல் கொடியும் குஞ்சுகளும் வீட்டின் மறுபக்கம். குருவிச் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி கதவுக்கு வெளியே வந்து நிலவரம் சொல்வது என்று ஏற்பாடு.

மணிக்கு ஒருமுறை சொல்லச் சொன்னேன். குக்கர் இறக்கியதும் பார்க்கிறேன் என்பாள். இருட்டும் முன் இரண்டு குஞ்சும் கொடியில் ஏறிவிட்டதாகச் சொன்னாள். பூனை முதல் இரண்டு மணி நேரம் கத்தியது. பிறகு என் ஜமக்காளத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. காலையில் பார்த்தபோது முக்கால் பங்கு அதனிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஜன்னல் கம்பி வழியே சாப்பாடு வர ஆரம்பித்தது. ஏழு மணிக்கு மனைவி பால் கொடுத்தாள். எட்டரைக்கு எதிர்வீட்டுப் பெண் மத்தி கொண்டுவந்து, "இளைச்சுட்டான் பெரியப்பா" என்று கண் கலங்கினாள். பத்தரைக்கு உரக்கடைக்காரர் முட்டை. நடத்துநர் சீக்கிரமே வந்து, வெள்ளிக்கிழமையும் கவிச்சி கிடையாது என்று தயங்கித் தயங்கி ஒரு பொட்டலம் நெத்திலியை நீட்டினார். எனக்கு இரண்டு இட்லி. பூனை நான்கையும் தின்று, வயிறு தரையைத் தொடப் படுத்தது. வயிறு நிறைந்தால் வேட்டையாடாது என்ற எதிர்வீட்டு வாதத்தைச் சோதிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்று இருபதுக்குச் சுவரில் ஒரு பல்லி நாளிதழ்க் கட்டின் மேல் இறங்கியது. பூனை கண்ணைத் திறந்தது. எழுந்த மாதிரியே தெரியவில்லை. அடுத்த கணம் பல்லியின் வால் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. உடலை அது தின்னவும் இல்லை; என் காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. நாற்பத்தொன்பது. நேரில் கண்டது.

பன்னிரண்டு மணி வாக்கில் வெளியே குருவிச் சத்தம் நின்றுபோயிற்று. பதினைந்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. கதவைத் தட்டினேன்.

"ஏம்மா, இருக்கியா?"

"இங்கதான் இருக்கேன்."

"சத்தமே காணோம்."

"பறந்துருச்சுங்க. பெரிய குருவி முன்னாடி போச்சு, குஞ்சு பின்னாடியே போச்சு. வேப்பமரத்துக்கு. கீழ விழல."

நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். பூனை காதை நிமிர்த்தியது.

"ரெண்டுமா?"

கதவில் காதை வைத்து மறுபடி கேட்டேன்.

"ரெண்டுமா பறந்துச்சு?"

"நான் பாத்தது ஒண்ணுதாங்க."

"இன்னொண்ணு?"

"அது விடியக்காலைலேர்ந்தே கண்ணுல படல. பறந்துருக்கும். இல்லைன்னா செம்போத்து வந்து எடுத்துருக்கும். மதில்மேல ஒண்ணு உக்காந்திருந்துச்சு."

ஏழு மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை வந்து, "இருக்குங்க, இருக்குங்க" என்று ஐந்து முறை சொல்லியிருந்தாள். ஐந்தையும் நான் எழுதியிருந்தேன். என்னிடம் பொய்த் தகவல் தந்த பணியாளர்களை எழுத்துமூலம் விளக்கம் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு.

"விடியக்காலைலயே ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? எங்க போச்சு, எப்பப் போச்சுன்னு நோட்டத் தூக்கிக்கிட்டுக் கதவத் தொறந்துக்கிட்டு வந்திருப்பீங்க. அவனும் ஒங்க காலுக்குள்ள வந்திருப்பான். இருந்த ஒண்ணும் போயிருக்கும்."

அவள் சொன்னதில் தவறு ஏதும் கண்டுபிடிக்க முடியவில்லை, கண்டுபிடிக்க முயன்றேன். காணாமல் போனதைப் பூனையின் கணக்கில் எழுதவும் வழியில்லை. அது நேற்று மாலையிலிருந்து என் கண் முன்னாலேயே இருந்தது. அதற்குச் சாட்சி நான்.

"இப்பத் தொறக்கலாமா?" என்று கேட்டேன்.

"இருங்க. அது இப்பத்தான் ரெண்டாவது கொப்புக்குத் தாவுது. இன்னும் மேல ஏறட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எனக்கு என்ன தெரியும். காபி கொண்டாரேன், ஜன்னல் பக்கம் வாங்க."

நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். பூனையும் எழுந்து பின்னாலேயே வந்தது.